கூடலூர், கோத்தகிரி தாயகம் திரும்பியோர் இலங்கையில் வாக்குரிமையை இழந்தது எப்படி?

ஒரு நாட்டில் வாழும் சிறுபான்மையினரைச் சட்டத்தின் துணையோடு வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவதை வாக்குரிமைப் பறிப்பு என்பர். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரியிலுள்ள டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பல குடும்பங்களின் முன்னோருக்கு இலங்கையில் நேர்ந்தது இதுவே.

1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றதோடு, மலையக (இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பகுதி) வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வலுச் சேர்த்தன. ஆட்சியாளர்களின் அச்சத்துக்கு அதுவே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. 1948 குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. லயத்து அறையில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவருக்குத் தம் பிறப்புச் சான்றே அரிதாயிருக்க, பூட்டனுடையதை எங்கே தேடுவது? அடுத்த ஆண்டே, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூட வெல்லவில்லை. தலைக்கட்டு வரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது.

இவர்களை 1983க்குப் பின் வந்த போர் அகதிகள் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் குடியுரிமையும் கடவுச்சீட்டும் பெற்றே கப்பலேறியவர்கள்.