950 ரேண்டு 1200 ரேண்டை மிஞ்சியது எப்படி?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் மாரியம்மன் கோயிலின் ஆடிக் கூழ் வார்ப்பு நன்கொடைகளைப் பதிவு செய்ய ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதிகபட்சத் தொகையாக 1200 ரேண்டைக் காட்டாமல் 950 ரேண்டைக் காட்டுகிறது. மூன்று சமக்குறி போட்டுப் பார்த்தும் பயனில்லை. காரணம் என்ன?

பதில்: படிவத்தில் உள்ளிடும் தொகை, எண்ணுக்கென்றே அமைத்த பெட்டியில் இட்டாலும், எழுத்துச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே, நிரலுக்கு வந்து சேர்கிறது. இருபுறமும் சரமாக இருந்தால், அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல ஜாவாஸ்கிரிப்ட் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். ‘9’-இன் யூனிகோடு எண், அதாவது கணினியில் அந்த எழுத்துக்குரிய குறியெண், 57, ‘1’-இன் எண் 49 என்பதால், மீதி இலக்கங்களைப் பாராமலேயே 950-ஐப் பெரியதென்று முடிவு செய்துவிடுகிறது. மூன்று சமக்குறி சமமா என்பதை மட்டுமே வகை மாற்றாமல் சோதிக்கும். பெரிது, சிறிது என்னும் குறிகளுக்கு அப்படியொரு கண்டிப்பான வடிவம் இம்மொழியில் கிடையாது.

ஆகவே ஒப்பிடும் முன் ‘நம்பர்’ ஃபங்ஷனால் தொகையை எண்ணாக்குங்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவதே அதிகாரபூர்வ முறை என்பதால், சாதாரண எழுத்துப் பெட்டியில் யாராவது ‘1 200,50’ என்று தட்டச்சு செய்தால் கிடைப்பது ‘நேன்’, அதாவது எண்ணல்லாத மதிப்பு. அதை எதனோடு ஒப்பிட்டுப் பெரிதா, சிறிதா என்று கேட்டாலும் விடை ‘இல்லை’ என்றே வரும். பட்டியலின் முதல் தொகையையே தொடக்க அதிகபட்சமாகக் கொண்டு, அது நேன் ஆகிவிட்டால், பின்னர் எவ்வளவு பெரிய நன்கொடை வந்தாலும் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. பிழைச் செய்தியும் தோன்றாது. சரத்தை எண்ணாக்கும் இன்னொரு ஃபங்ஷனான ‘பார்ஸ்ஃப்ளோட்’ இதைவிட ஆபத்தானது என்பேன்: அது இடைவெளியோடு நின்று 1 என்று திருப்பித் தரும், அதைப் பார்த்தால் சரியான எண் போலவே இருக்கும். எனவே இடைவெளிகளை நீக்கி, காற்புள்ளியைப் புள்ளியாக்கி, பிறகு நம்பர் ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். விடை நேன் என்றால் அந்தப் பதிவை ஏற்காமல், உள்ளிட்டவரிடமே திருத்தக் கேளுங்கள். வெற்றுப் பெட்டி 0 ஆகிவிடும் என்பதால் அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

தொகைகளைக் கூட்டிச் சமம் பார்ப்பதாக இருந்தால் சென்ட் கணக்கில் முழு எண்களாக வையுங்கள், ஏனெனில் 0.1 + 0.2 இங்கே 0.30000000000000004 ஆகும். பட்டியலை ‘சார்ட்’ கொண்டு அடுக்கும்போதும் கவனம் தேவை: அது எண்களைக்கூடச் சரமாக்கியே ஒப்பிடும் என்பதால், முதல் மதிப்பிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்றை அதற்குக் கட்டாயம் கொடுங்கள்.