கண்ணில் வளரும் சதை: எதிர்ப்புச் செல்களுக்கு அதில் என்ன வேலை?

கேள்வி: வலது கண்ணில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டுவிட்டது. டெரிஜியம் என்றார் டாக்டர். கிருமித் தொற்று இல்லையாம். பிறகு எப்படி நோய் எதிர்ப்புச் செல்களுக்கு இதில் பங்கு இருக்கும்?

பதில்: ஆரம்பித்து வைப்பது வெயில். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில் உள்ள, புதுச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் புற ஊதாக் கதிர் கெடுக்கிறது. பக்கவாட்டில் இருந்து வரும் ஒளியைக் கருவிழி வளைத்து மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. சதை பெரும்பாலும் அங்கேயே முளைப்பதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

கதிர் பட்ட மேற்புறச் செல்கள் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8 போன்ற புரதங்களைச் சுரந்து எதிர்ப்புச் செல்களை அழைக்கின்றன. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் டி செல், மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல் என்ற மூன்று வகை எதிர்ப்புச் செல்களும் வெள்ளை விழியை மூடும் இயல்பான சவ்வில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மாஸ்ட் செல் கொட்டும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால் அரிப்பும் சிவப்பும் வருகின்றன. மேக்ரோஃபேஜ் விஇஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிகளைத் தருகிறது. முன்னது புது ரத்தக்குழாய்களை வளர்க்கும், பின்னது நார்த்திசுவை. எல்லாம் புண் ஆற்றும் வேலைதான். வெயில் தினமும் படுவதால் அந்த வேலை முடிவதில்லை. ஆற்ற வந்த செல்களே சதைக்குத் தீனி போடுகின்றன.

கேள்வி: ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் சிவப்பு குறைகிறது. தொடர்ந்து விட்டால் சதை கரைந்துவிடுமா?

பதில்: கரையாது. அழற்சி அடங்கும், உருவாகிவிட்ட நார்த்திசு அப்படியே இருக்கும். டாக்டர் சொன்ன நாட்களைத் தாண்டி விட்டால் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கலாம், கண்புரையும் வரலாம். கடையில் கேட்டு வாங்கி விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அன்றாட உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர் போதும். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் காக்கும் ரசாயனம்) இல்லாததாக வாங்குங்கள். வெளியே போகும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி-400 கண்ணாடி, அதுவும் பக்கங்களை மூடும் வகை. முன்பக்கம் மட்டும் மறைத்தால் பக்கவாட்டு ஒளி உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: அறுவை சிகிச்சை செய்தாலும் திரும்ப வளருமாமே?

பதில்: வளரலாம். கத்தி படுவதும் ஒரு காயம்தானே, அதே செல்கள் மறுபடி கூடிவிடும். சதையை வெட்டிவிட்டு இடத்தை வெறுமையாக விடும் பழைய முறையில் இது மிக அதிகம். இப்போது மேல் இமைக்குக் கீழே இருந்து சொந்தச் சவ்வை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். நூலால் தைக்கலாம், ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரின் கொண்ட பசையும் பயன்படும். மீண்டும் வளரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சிலருக்கு செல் பெருக்கத்தைத் தடுக்கும் 0.02 சதவீத மைட்டோமைசின் மருந்தைச் சில நிமிடங்கள் வைப்பார்கள். அளவு மீறினால் வெள்ளை விழியே மெலிந்துவிடும்.

பிறகு பல வாரங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். சிவப்பு போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தினால், உள்ளே அடங்காத அழற்சி மீண்டும் தலைதூக்கும். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்தான். அதுவரை பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இது புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: டெரிஜியம் புற்று அல்ல. ஆனால் அதே விளிம்பில் புற்றும் வரும், குறிப்பாக எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு. ஜெல்லி போன்ற மேடு, வெண்திட்டு, வேகமான வளர்ச்சி ஆகியவை கண்டால் தாமதிக்க வேண்டாம். எந்தச் சதையை அறுத்தாலும் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள்.