படம் வரைகிற கையும் கணக்குப் போடுகிற மூளையும்: டிஜிட்டல் ஆர்ட்ஸ் படிப்பு, கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் இது கிரேடு 10-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கிற நேரம், மெட்ரிக் (இங்கே அது 12-ம் வகுப்பு) பிள்ளைகள் விண்ணப்பம் போடுகிற நேரம். ஜொஹானஸ்பர்க்கில் மோஷன் கிராஃபிக்ஸ் (அசையும் வரைகலை) வேலை பார்க்கிறவள் என்பதால் கேள்விகள் என் பக்கம் வந்து குவிந்துவிட்டன. டிஜிட்டல் ஆர்ட்ஸ், அதாவது கணினியில் படமும் அனிமேஷனும் செய்கிற படிப்பு பற்றி வந்த ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: மகள் கிரேடு 9. எந்நேரமும் வரைந்துகொண்டே இருக்கிறாள். ஆர்ட்தானே படிக்கப் போகிறேன், மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) போதும் என்கிறாள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் ஆன்ட்டி. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கிரேடு 10-ல் லிட்டரசிக்குப் போன பிள்ளை அப்புறம் மேத்தமேட்டிக்ஸுக்குத் திரும்புவது பெரும்பாடு. ஜொஹானஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் ஆர்ட்ஸுக்கு இரண்டு வாசல் உண்டு: ஒன்று கலைப் பக்கம் பி.ஏ., இன்னொன்று பொறியியல் பக்கம் ஒரு பட்டம். இரண்டாவது வாசலுக்கு மேத்தமேட்டிக்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும் வேண்டும். பதினைந்து வயதில் அந்தக் கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்?

இன்னொன்று, அவள் வரையும் பொம்மையின் கை முழங்கையில் மடங்க வேண்டுமென்றால் உள்ளே வேலை செய்வது முக்கோணவியலின் சைன், காஸ்தான். விஷுவல் ஆர்ட்ஸையும் மேத்தமேட்டிக்ஸையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் நேர அட்டவணை இடிக்கிறது என்று சொன்னால், மேத்தமேட்டிக்ஸைப் பிடித்துக்கொண்டு வரைவதை வீட்டில் தொடரட்டும். வரைவதற்கு வகுப்பு கட்டாயமில்லை, நோட்டு போதும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு மெட்ரிக் மாணவர்: அக்கா, எனக்கு ஐடி பாடம் நன்றாக வரும், வரையச் சுத்தமாக வராது. இந்தப் பக்கம் வரலாமா?

தாராளமாக வா தம்பி. பாட்டி கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாயா? கோலப் புத்தகத்தில் '7 புள்ளி, 1-ல் நிறுத்தவும், நேர்ப்புள்ளி' என்று இருக்கும். வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று மொத்தம் 25 புள்ளி. பி5 ஜேஎஸ் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். அதில் நிரல் எழுதிப் படம் போடலாம். வரிசைகளுக்கு 0 முதல் 6 வரை எண் கொடு. வரிசை எண் 3-லிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை இரட்டித்து 7-ல் கழி. அந்த வரிசைக்கு எத்தனை புள்ளி என்பது வந்துவிடும். ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) இன்னொரு லூப் போட்டால் புள்ளி முழுக்க விழும். அதன் பிறகு புள்ளியைச் சுற்றி வளைவு போடும்போதுதான் விளையாட்டே. எந்த வளைவு எந்தப் பக்கம் திரும்பினால் கோடு அறுபடாமல் ஒரே சிக்காக முடியும்? அங்கே கண் வேண்டும், கணக்கும் வேண்டும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது வரையும் விதிகளாக, எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் வாசற்படியில் கிடந்த விஷயம்!

ஸ்டுடியோக்களில் டெக்னிக்கல் ஆர்டிஸ்ட் என்றொரு வேலை உண்டு. வரைகிறவர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் நடுவில் நின்று, கணினிப் பொம்மை அசைவதற்கு உள்ளே எலும்பு பூட்டுவது, பைத்தான் நிரல்மொழியில் சின்னச் சின்னக் கருவி எழுதித் தருவது. நீ பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஆனாலும் வாரம் இரண்டு நாள் பென்சில் எடுத்து வரை. அழகாக வர வேண்டியதில்லை, பார்த்துப் பழகத்தான்.

லெனேசியாவிலிருந்து ஓர் அப்பா: தனியார் கல்லூரி நல்ல கட்டடம், நல்ல கம்ப்யூட்டர் எல்லாம் காட்டுகிறது. என்எஸ்ஃபாஸ் (அரசின் மாணவர் உதவித்தொகை) பணம் கிடைக்குமா?

கிடைக்காது ஐயா. என்எஸ்ஃபாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் (அரசுத் தொழிற்பயிற்சி) கல்லூரிகளுக்கும் மட்டும்தான். குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். தனியாரில் நல்ல இடங்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்பணம் கட்டுமுன் கல்லூரி உயர்கல்வித் துறையில் பதிவானதா, படிப்பு சாக்வா (தகுதிகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு) பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்கள் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு சிஏஓ (பொது விண்ணப்ப அலுவலகம்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கிராஃபிக் டிசைன், ஃபோட்டோகிராஃபி இரண்டுக்கும் நல்ல பெயர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி: பழைய லேப்டாப். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் 30 விநாடிப் படம் ரெண்டர் (காட்சியைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குவது) போட்டேன். பாதியில் கரன்ட் போய் எல்லாம் வீணானது.

வீடியோ ஃபைலாக நேரே ரெண்டர் போட்டிருப்பாய். கூடாது. பிஎன்ஜி படங்களாக வரிசையாகப் போடு. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 30 விநாடிக்கு 720 படம். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் என்றால்கூட 60 மணி நேரம். அதற்குள் எங்கள் தெருவில் மின் கேபிள் திருடனே இரண்டு தடவை வந்து போய்விடுவான். அவுட்புட் பகுதியில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால், கரன்ட் வந்ததும் ஏற்கெனவே முடிந்த படங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் போடும். கடைசியில் ஒன்றாகச் சேர்த்து வீடியோ ஆக்கிக்கொள்.

லேப்டாப் பழசு என்று சோர்ந்துவிடாதே. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான். மென்பொருளுக்கு அவர்கள் கொடுத்த விலையும் சுழியம், நீ கொடுத்ததும் சுழியம்.

டொங்காட்டிலிருந்து ஒரு கோயில் இளைஞர்: காவடி வீடியோவுக்குத் தமிழில் தலைப்புப் போட்டால் எழுத்து உடைகிறது. ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கிறது.

ஊரில் பாதிப் பேனர் இப்படித்தான் தொங்குகிறது, பார்க்கவே கூசுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் டைப் விருப்பங்களுக்குள் போய் 'இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து, பாரகிராஃப் மெனுவில் தெற்காசியக் கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப் என்றால் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தட்டுங்கள், சரியாக வரும். அதைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி எஸ்விஜி ஃபைலாகச் சேமித்தால் பிளெண்டருக்கும் கொண்டுபோகலாம். ஆனால் பாத் ஆக்கிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. அதனால் முதலில் கோயிலில் தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பலர்: படித்தால் வேலை கிடைக்குமா? ஏஐ வந்துவிட்டதே?

கேப் டவுனில் டிரிகர்ஃபிஷ் என்கிற அனிமேஷன் ஸ்டுடியோ 1996-லிருந்து நடக்கிறது. பிபிசி கிறிஸ்துமஸுக்குப் போடும் சிறுவர் படங்கள் சில அங்கேதான் அனிமேஷன் செய்யப்பட்டன. அவர்களே இலவச ஆன்லைன் பாடமும் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் நிரந்தர வேலை குறைவு, புராஜெக்ட் புராஜெக்டாக ஓடுகிற பிழைப்பு. மாதச் சம்பளம்தான் வேண்டுமென்றால் விளம்பரம், வெப் பக்கம் பாருங்கள். ஏஐ முதலில் தின்னுவது கையில் ஒரே வித்தை வைத்திருப்பவரின் வேலையை. பொம்மையை வரைந்து, எலும்பு பூட்டி, அது ஏன் நொண்டுகிறது என்று கண்டுபிடிப்பவரை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி மறுபடியும்: விண்ணப்பத்தோடு காட்டும் போர்ட்ஃபோலியோவில் (படைப்புத் தொகுப்பு) அந்தக் கோலத்தை வைக்கலாமா?

வை. முடிந்த படத்தோடு தப்பாக வந்த மூன்று நான்கு கோலத்தையும், நோட்டில் கிறுக்கிய கணக்கையும் சேர்த்து வை. தேர்வு செய்பவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.