மறு: 1991 சோவியத் கால்பந்து முதல் லீக் அட்டவணையில் 24 அணி வருகிறது, திலிகுல் அணி ஏன் மேலே ஏறவில்லை?

நண்பரே, முதலில் அந்த 24. அணிகள் 22தான். 1991 செப்டம்பரில் லெனின்கிராட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. அதே மாதம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் யெகாதெரின்பர்க் ஆனது. அதனால் லெனின்கிராட் அணி செனித்தும் ஸ்வெர்த்லோவ்ஸ்க் அணி உரால்மாஷும் உங்கள் கோப்பில் இரண்டிரண்டாக நிற்கின்றன. அணிக்கு ஓர் எண் கொடுங்கள். ஊர்ப்பெயரை ஆட்டத் தேதியோடு கட்டுங்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள். 462 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1, ஆக மொத்தம் 924 புள்ளி. கூடுதலாக வந்தால் இன்றைய 3 புள்ளிச் சூத்திரம் எங்கோ ஒளிந்திருக்கிறது.

திலிகுல் விஷயம் பிழையே இல்லை. பெயர்தான் முதல் லீக். உயர் லீக்குக்குக் கீழே இது இரண்டாம் பிரிவு. ரோட்டர் வோல்கோகிராட் முதலிடம், திலிகுல் திராஸ்போல் இரண்டாமிடம். டிசம்பரில் நாடே கலைந்தது, ஏறிப்போக லீக் இல்லை.

அட்டவணையின் 1992 நெடுவரிசையில் ‘உயர்வு’ என்று போடாமல் நாட்டைப் போடுங்கள்: ரோட்டர், செனித் ரஷ்யா, திலிகுல் மால்டோவா, தாவ்ரியா சிம்ஃபெரோபோல் உக்ரைன். இந்தத் தாவ்ரியாதான் இறுதியாட்டத்தில் டைனமோ கீவை 1-0 என வீழ்த்தி உக்ரைனின் முதல் பட்டத்தைத் தட்டிச் சென்றது!