கொழும்பில் பழைய கட்டடச் சுவரில் வரைந்த ஓவியம் ஏன் ஒரு மழைக்காலத்தோடு உரிந்துவிடுகிறது?

கொம்பனித்தெருவிலோ புறக்கோட்டையிலோ ஒரு பழைய சுவரைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், உரிமையாளரும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். விலை கூடிய பெயின்ட் வாங்கினால் உரியாது என்று பலர் சொல்வார்கள். அந்தச் சுவருக்கு அதுதான் கேடு.

இங்கே பழைய சுவர்கள் பெரும்பாலும் கபுக்கல் (செம்புறைக்கல்) அல்லது செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நிலத்து ஈரத்தை அவை உறிஞ்சி வெளியே விடும். கடையில் வாங்கும் எமல்ஷன் பெயின்ட் பிளாஸ்டிக் படலம்போல மூடிவிடும், அதை அடித்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை. அதோடு வரும் உப்பு பெயின்டுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு பூச்சோடு சேர்ந்தே கழன்று விழும். சீமெந்து பூசிவிட்டு வரையச் சொல்லும் மேசன்மாரும் உண்டு. சீமெந்தும் ஈரத்தை அடைக்கத்தான் செய்யும்.

வரைய முன்னர் 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மறுநாள் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சுயரத்தில் ஒன்று. உட்புறம் வியர்த்திருந்தால் எமல்ஷனை மறந்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஒக்சைட் கலந்து வரையுங்கள். நிறத்தூள் சுண்ணாம்பின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கையில் ஒட்டும். பிரஷ்யன் நீலம் வேண்டாம், சுண்ணாம்பில் பழுப்பாகிவிடும். சுவரை நனைத்துவிட்டு நாலைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. தடிப்பாக அடித்தால் வெடிக்கும்.

'இதெல்லாம் கிராஃபிட்டியா?' என்று ஸ்ப்ரே ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஸ்ப்ரேக்குச் சீமெந்து மதில் இருக்கிறதே. புதுப் பூச்சென்றால் 28 நாள் காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடியுங்கள். பாசி பிடித்த மதிலென்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர், கால் மணிநேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கழிவறை கழுவும் அசிட்டை அதோடு கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். வேலை முடிந்ததும் ஸ்ப்ரே கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தாவிட்டால் தெளிக்கும் முனை அடைத்துக்கொள்ளும். துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும்.

ஜனவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதிவரைதான் நல்ல காலம். ஏப்ரலில் பின்னேர இடிமழை, மே மாதம் தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம்.

2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்தார்களே என்று, அனுமதி தேவையில்லையென எண்ண வேண்டாம். அரச சுவரென்றால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கும் கட்டடமென்றால் சுரண்டிப் பார்க்கக்கூடப் போகாதீர்கள். தனியார் சுவருக்கும் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து முடித்தால் ரியூஷன் வகுப்புக்காரர் இரவோடிரவாக வந்து கோதுமை மாப் பசையில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவார். ஓவியத்தின் முகத்தில்தான் ஒட்டுவார், அங்கேதான் கண் போகுமாம். காயுமுன் வெந்நீர் ஊற்றினால் எமல்ஷன் மதிலில் வந்துவிடும். சுண்ணாம்பிலோ நிறத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.