கறுப்பு கட்டத்துக்கு பின்னாடி இருக்கற பிள்ளைங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாவதுக்கு ஆன்லைன்ல சயின்ஸ் எடுக்கறேன். 38 பேர், 38 பேருமே கேமரா ஆஃப். பேர் சொல்லி கூப்பிட்டா கூட சத்தம் வராது, கேள்வி கேட்டா கிணத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கு. கேமரா கட்டாயம்னு சொல்லிடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர், அந்த ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதம் பிடிக்காதீங்க. கேமரா ஆன்ல இருந்தா கவனிக்கறாங்கன்னு அர்த்தம் இல்ல, முகம் இங்க இருக்கும் கண்ணு இன்னொரு டேப்ல இருக்கும், நாம எல்லாருமே பாத்திருக்கோம். ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கற வீடா இருக்கலாம், பின்னாடி யாராவது உடம்பு முடியாம படுத்திருக்கலாம், டேட்டா தீந்துடுமோன்னு பயமா இருக்கலாம், இதெல்லாம் ஒரு பிள்ள வாய விட்டு சொல்லாது. அதோட நாள் முழுக்க தன் முகத்தையே ஸ்கிரீன்ல பாத்துட்டு உக்காந்திருக்கறது பெரிய அலுப்புங்க. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல இந்த வீடியோ கால் களைப்புக்கு நாலு காரணம் சொன்னார், அதுல இதுவும் ஒண்ணு, எல்லா முகமும் ரொம்ப கிட்ட வந்து விடாம நம்மளையே பாக்கற மாதிரி இருக்கறது இன்னொண்ணு. 14 வயசுல முகத்துல பருவோட இருக்கற பிள்ள, கூட படிக்கற 37 பேரும் தன்னையே பாக்கறாங்கன்னு நினைச்சுட்டு உக்காந்திருந்தா பாடம் எங்க ஏறும்? கேமரா போடறவங்களுக்கு செல்ஃப் வியூவ, அதாவது தன் முகம் தனக்கே தெரியற கட்டத்த, மறைச்சு வைக்கற ஆப்ஷன காமிச்சு குடுங்க, அதுவே பாதி பாரத்த குறைக்கும்.

இப்ப அந்த அமைதிக்கு வரேன். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1970கள்லயே டீச்சருங்க பாடம் நடத்தறத டேப்புல பதிவு பண்ணி கேட்டு பாத்தாங்க. கேள்வி கேட்டுட்டு டீச்சர் காத்திருக்கற நேரம் சராசரியா ஒரு செகண்டுதான் இருந்துச்சு. அத 3 செகண்டுக்கு மேல நீட்டினப்ப பதில் நீளமா வந்துச்சு, வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேசினாங்க. அது நேர்ல நடந்த கிளாஸ். ஆன்லைன்ல நம்ம குரல் போய் சேரவே கொஞ்சம் நேரம் ஆகுது, அப்புறம் அந்த பிள்ள யோசிக்கணும், மைக் பட்டன தேடணும், வீட்டுல மிக்ஸி ஓடுதான்னு பாக்கணும், தைரியமும் வரணும். நாம அதுக்குள்ள "என்ன யாருக்குமே தெரியலையா"ன்னு கேட்டு முடிச்சிடறோம்.

நான் பண்றது இதுதான். கேள்விய ஸ்கிரீன்ல எழுதி போடுவேன், "எல்லாரும் சாட்ல பதில டைப் பண்ணுங்க, ஆனா நான் சொல்ற வரைக்கும் சென்ட் தட்டாதீங்க"ன்னு சொல்லிட்டு வாய மூடிக்குவேன். முழுசா ஒரு நிமிஷம். முதல் தடவ அந்த ஒரு நிமிஷம் ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏதாவது பேசணும்னு நாக்கு துடிக்கும், பேசிடாதீங்க. அப்புறம் "இப்ப அனுப்புங்க"ன்னதும் சாட்ல மளமளன்னு பதில் கொட்டும் பாருங்க, முதல்ல அனுப்பறவன பாத்து காப்பி அடிக்க வழி கிடையாது, தப்பா எழுதினவனும் கூட்டத்துல மறைஞ்சுக்கலாம். அதுல ஒரு தப்பான பதில எடுத்து, பேர் சொல்லாம, "இப்படி ஏன் தோணுது, யோசிச்சா ஒரு நியாயம் இருக்கு"ன்னு ஆரம்பிங்க. ரெண்டு வாரத்துல மைக் தானா ஆன் ஆகும்.

கேள்வி: சாட்ல ஒருத்தன ஒருத்தன் கேலி பண்றாங்க, பேர மாத்தி வச்சுக்கறாங்க, நான் ஷேர் பண்ற ஸ்லைடு மேல கிறுக்கறாங்க. யாருன்னே தெரியல. எப்படி கண்டிக்கறது?

பதில்: முதல்ல கதவ பூட்டுங்க சார், கண்டிக்கறது அப்புறம். ஜூம்னா ஹோஸ்ட் டூல்ஸ் மெனுவுல (பழைய வெர்ஷன்ல செக்யூரிட்டின்னு இருக்கும்) பேர் மாத்தற அனுமதிய எடுத்துடலாம், ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு, அதாவது கிளாஸ் நடத்தற உங்களுக்கு, மட்டும்னு வைக்கலாம், ஷேர் பண்ணும்போது "More"ங்கற பட்டன்ல போய் மத்தவங்க கிறுக்கறத நிறுத்தலாம். சாட்ல பிள்ளைங்க தனித்தனியா ஒருத்தருக்கொருத்தர் அனுப்பறத மறக்காம மூடுங்க, ஏன்னா அந்த தனி மெசேஜ் ஹோஸ்ட் கண்ணுக்கு தெரியாது, உண்மையான கொடுமையெல்லாம் அங்கதான் நடக்கும். நிலைமை கை மீறினா அதே மெனுவுல எல்லாரோட மைக், வீடியோ, சாட்ட ஒரே அடியா நிறுத்தற பட்டன் இருக்கு. கூகுள் மீட்லயும் ஹோஸ்ட் கன்ட்ரோல்ஸ்ல சாட்டையும் ஷேரையும் ஆஃப் பண்ணலாம். வெளி ஆளுங்க லிங்க் கிடைச்சு உள்ள புகுந்து கலாட்டா பண்ணது 2020ல உலகம் பூரா நடந்துச்சு, அந்த ஏப்ரல்ல தான் ஜூம் பாஸ்கோடையும், நாம உள்ள விடற வரைக்கும் வெளிய காக்க வைக்கற வெயிட்டிங் ரூமையும் தானாவே ஆன்ல இருக்கற மாதிரி மாத்துனாங்க, அத சோம்பேறித்தனப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க.

இனி கண்டிக்கறது. நான் பண்ண ஒரு தப்ப சொல்றேன். ஒரு நாள் ஸ்லைடு மேல சிவப்புல கோடு கோடா விழுந்துச்சு, ஒரு பையன் பேர் வந்துச்சு, எல்லார் முன்னாடியும் "உனக்கு படிக்க இஷ்டம் இல்லன்னா வெளிய போ"ன்னு கத்திட்டேன். அவன் எதுவும் சொல்லல, வெளிய போயிட்டான். மூணு நாள் வரவே இல்ல. போன் பண்ணி பேசினா, அவன் தண்ணி குடிக்க எழுந்து போன நேரத்துல நாலு வயசு தங்கச்சி போன எடுத்து விளையாடியிருக்கா. திரும்ப வந்த அன்னிக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன், ஆனா அந்த வருஷம் முழுக்க அவன் என் கிளாஸ்ல மைக்க தொடவே இல்ல. இன்னமும் அது மனசுல உறுத்துது. ஸ்கிரீன்ல தெரியற பேரும் அந்த நிமிஷம் போன கையில வச்சிருக்கற ஆளும் ஒண்ணுன்னு நம்பிடாதீங்க சார்.

நேர்ல இருந்தா பக்கத்துல போய் நின்னாலே போதும், பாதி சேட்டை அடங்கிடும், அது வேற யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆன்லைன்ல அதுக்கு பதிலா தனி மெசேஜ் போடுங்க, "கண்ணா ஏதோ கோடு விழுது, உன் போனான்னு பாரேன்" அவ்ளோதான். நிஜமாவே ஒருத்தன் இன்னொருத்தன நோகடிச்சிருந்தா சாட்ட சேவ் பண்ணி வைங்க, அன்னிக்கே ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசுங்க, அடிபட்ட பிள்ளைகிட்ட முதல்ல.

கேள்வி: மூணாவது படிக்கற பையனுக்கு அவங்கம்மா பக்கத்துல உக்காந்து பதில் சொல்லி குடுக்கறாங்க. சொன்னா கோவிச்சுப்பாங்களோ?

பதில்: கோவிச்சுக்க மாட்டாங்க, பையன் பின்தங்கிடுவானோன்னு பயத்துல பண்றாங்க. கிளாஸ் முடிஞ்சு போன் பண்ணி, "அம்மா, அவன் தப்பா சொன்னாதான் எங்க புரியலன்னு எனக்கு தெரியும், தப்ப எனக்கு விட்டுடுங்க"ன்னு சொல்லி பாருங்க. கூடவே ஒரு வேலையும் குடுங்க, நோட்ட போட்டோ எடுத்து அனுப்பறது மாதிரி. வேலை இருந்தா பக்கத்துல இருந்து கொஞ்சம் நகருவாங்க.

கேள்வி: ராத்திரி 11 மணிக்கு கூட வாட்ஸ்ஆப்ல டவுட் வருது. பதில் போடாட்டி மனசு கேக்கல, போட்டா தூக்கம் போகுது.

பதில்: குரூப்ப அட்மின் மட்டும் அனுப்பற மாதிரி மாத்திடுங்க, தனியா அனுப்பற டவுட்டுக்கு ஒரு நேரம் சொல்லுங்க, நான் சாயங்காலம் 5ல இருந்து 6 வரைக்கும்னு வச்சிருக்கேன். முதல் வாரம் மீறுவாங்க, அடுத்த நாள் 5 மணிக்கே பதில் போடுங்க, பழகிடும். ஆனா கிளாஸ்ல ஒரு வார்த்த பேசாத பிள்ள, ராத்திரில திடீர்னு "மிஸ் எனக்கு எதுவுமே புரியல"ன்னு ஒரு வரி அனுப்பும். அதுக்கு மட்டும் நான் நேரம் பாக்க மாட்டேன். "சரி கண்ணா, நாளைக்கு கிளாஸுக்கு பத்து நிமிஷம் முன்னாடி வா, ரெண்டு பேரும் பாப்போம்"னு போட்டுட்டுதான் படுப்பேன்.