முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் எத்தனை முறை எண்ணிக் காட்டுவது?

கேள்வி: டாக்டர், என் அண்ணனுக்கு 58 வயது. ஆறு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தவர், எட்டு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார். மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறதாம், உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம். எல்லாம் ஒரு வீடியோவைப் பார்த்து வந்த நம்பிக்கை. கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், டாக்டர்களின் பேட்டிகளை அனுப்பினேன், அழுதும் பார்த்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். போன வாரம் "நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?" என்று போனை வைத்துவிட்டார். இனி எப்படிப் பேசினால் அவருக்குப் புரியும்?

பதில்: புரியவைக்கும் முயற்சியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அண்ணனைக் கைவிடச் சொல்லவில்லை, வாதத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்ததில் உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது.

செவிடன் காது என்கிறீர்கள். அவர் காதில் எல்லாமே விழுந்திருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை ஆதாரத்தோடு போகும்போதும் அவர் ஒரு பதிலைத் தேடுகிறார், தேடியதை வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்தவர் சொன்னதைவிடத் தான் சொன்னதைத்தான் மனிதன் அதிகம் நம்புவான். "மாத்திரை வேண்டாம்" என்ற சொல்லை இந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை அவர் வாயிலிருந்து வரவழைத்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1979-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் பாதி, எதிர்ப்பவர்கள் பாதி, மொத்தம் 48 பேர். தண்டனையால் குற்றம் குறைகிறது என்று ஓர் ஆய்வு, குறையவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும் இரு தரப்பும் நெருங்கி வரவில்லை. அவரவர் நிலையில் இன்னும் உறுதியானதாகச் சொன்னார்கள். தனக்குப் பிடித்த ஆய்வை நல்ல ஆய்வு என்றும், பிடிக்காததை ஓட்டை ஆய்வு என்றும் ஒதுக்கியிருந்தார்கள். நீங்கள் கொடுத்த பிரிண்ட் தாள்களுக்கும் இதுதான் நடந்திருக்கும். கட்டுக்குள் வராத அழுத்தம்தான் கிட்னியைக் கெடுக்கும் என்பது உண்மை. அதை நீங்கள் பலமுறை சொல்லியும் ஆயிற்று.

இன்னொரு ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் இருப்பது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993-ல் வெளியிட்டது. அதிகம் குடிப்பவர்களுக்கு ஆலோசனை கொடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு மல்லுக்கட்டிப் பேசினாரோ, எதிரே இருந்தவர் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்திருந்தார். பயிற்சி பெற்ற ஆலோசகரின் வாதத்துக்கே இந்தக் கதி. நீங்களோ தங்கை. நீங்கள் சொல்லி அவர் மாத்திரையை எடுத்தால், எட்டு மாதம் தப்பு செய்தேன் என்று தங்கை முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த மரியாதையை. கிட்னி அப்புறம்தான்.

என்னிடம் ஒரு மகன் தன் அப்பாவை அழைத்து வந்தார். இதே போன்ற சிக்கல்தான். மகன் பேசிக்கொண்டே இருந்தார். அப்பா கையிலிருந்த பரிசோதனைத் தாளை இரண்டாக மடித்தார், நான்காக, எட்டாக, இனி மடியாது என்ற அளவுக்கு மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். மகனை வெளியே உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் நானும் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "எங்க அப்பா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச வருஷம்தான் படுத்தாரு. எந்திரிக்கவே இல்ல." மகன் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட இந்தப் பயத்தின் பக்கத்தில் வரவில்லை. உங்கள் அண்ணனுக்கும் வீடியோவுக்கு முன்பே ஏதாவது இருந்திருக்கும். மாத்திரையால் தலைசுற்றலோ, தாம்பத்தியத்தில் சிரமமோ வந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். அழுத்த மாத்திரைகள் சிலவற்றுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு. வேறு மருந்துக்கு மாற்றவும் முடியும்.

ஆகவே கேளுங்கள். "ஏன் நிறுத்தினே?" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. "நிறுத்தினதுக்கு அப்புறம் உடம்பு எப்படி இருக்குண்ணா?" என்று கேளுங்கள். இன்னொரு நாள், "உடம்பு தானா சரி பண்ணிக்கும்னு சொன்னியே, அது எப்படி நடக்குது?" என்று கேளுங்கள். குரலில் குத்தல் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர், ஜிப், பூட்டு போன்ற பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியுமா என்று கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றவர்களையே படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும், தங்களுக்குத் தெரிந்தது குறைவு என்று அவர்களே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை மடக்கவில்லை. அண்ணன் விளக்கத் தடுமாறினால் நீங்கள் நிரப்பாதீர்கள். பேச்சை மாற்றுங்கள். தடுமாறியது அவருக்குத் தெரியும், அது போதும்.

இனி நான் பெரிதும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்களைத் தேடி வரும் ஆட்கள் உண்டு. "எவரையும் ஏழே நாளில் சம்மதிக்க வைக்கலாம்" என்று பயிற்சி விற்பவர்கள் ஒரு ரகம். அவரை நேரில் பார்க்காமலேயே, நீங்கள் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு, "மூன்று அமர்வில் மாற்றித் தருகிறேன்" என்று முன்பணம் வாங்கும் ஆலோசகர்கள் இன்னொரு ரகம். வேறு காரணம் சொல்லிக் கூட்டி வாருங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். கூட்டிப் போகாதீர்கள். ஏமாற்றி உட்கார வைக்கப்பட்டவர் அதன்பின் நல்ல மருத்துவரையும் நம்பமாட்டார். வருபவரிடம் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலையை இத்தனை வருடமாகியும் சரிசெய்யாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குடும்பத்துக்குள்ளேயும் தூதர்கள் இருப்பார்கள். "நான் பேசிப் பார்க்கிறேன்" என்று போய், நீங்கள் சொன்னதில் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லி, அவர் சொன்னதில் நாலு வார்த்தை கூட்டிக்கொண்டு வருவார்கள். நல்லெண்ணம்தான், ஆனாலும் அவர்கள் வாயால் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்க யாராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணன் எப்போதுமே பிடிவாதக்காரரா, இல்லை சமீபத்தில்தான் இப்படி ஆனாரா? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் மேலே சொன்னது பொருந்தும். ஆனால் முன்பெல்லாம் எடுத்துச் சொன்னால் கேட்பவர், ஓரிரு வருடமாக ஆளே மாறிவிட்டார் என்றால் அது வேறு கதை. காரணமில்லாத சந்தேகம், வீட்டாரையே எதிரியாகப் பார்ப்பது, இரக்கம் வற்றிப்போவது, கண்டபடி பணத்தை இறைப்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது ஆகியவை கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோய் பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். தொடக்கத்தில் நினைவு நன்றாக இருக்கும், குணம்தான் மாறும். தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலையும் உண்டு. 1914-லேயே பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் அதற்குத் தனிப் பெயர் வைத்தார். அவர் பார்த்தவர்களுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது, அவர்களோ அதை உணரவே இல்லை. அப்படிப்பட்டவரை அடம் பிடிக்கிறார் என்று திட்டுவது கொடுமை. குணமாற்றம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நாளில் திடீரென்று குழப்பமாகப் பேசினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நல்ல மருத்துவர் ஒருவரைத் தேடுங்கள். உங்கள் அண்ணனை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். மாத்திரையை நிறுத்தியவரின் கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க ஆளில்லை. வீடியோக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தது யார்?

அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி அவரிடமே கொடுத்துவிடுங்கள். "நீ சொல்றது சரியான்னு நீயே பாத்துக்கோண்ணா" என்று சொல்லலாம். எண்ணை உங்களிடம் காட்டச் சொல்லாதீர்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அண்ணியிடம் சொல்லி வையுங்கள். அவராகவே மனம் மாறினாலும், மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை எடுத்து விழுங்க விடாதீர்கள். எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு எதை, எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாள் வந்தால் "அப்பவே சொன்னேன்ல" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். முதல் கேள்வியைக் கேட்ட பிறகு அண்ணன் என்ன பதில் சொன்னார் என்பதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு எழுதுங்கள்.